நல்லவரா, வல்லவரா? விளையாட்டு ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெரிய வீரர் ஒருவரின் பெயர் வேண்டாத காரணத்துக்காகச் செய்தியில் அடிபடும்போதெல்லாம் இதே வாக்குவாதம் கிளம்பும். ஒரு பக்கம், "ஆட்டத்தைப் பார், ஆளைப் பார்க்காதே." இன்னொரு பக்கம், "குணம் கெட்டவனுக்கு எதற்குக் கைதட்டல்?" இரண்டு பக்கமும் நான் நின்று கத்தியிருக்கிறேன், சில சமயம் ஒரே வாரத்தில். என்னிடம் பிறர் கேட்டவையும் என்னை நானே கேட்டுக்கொண்டவையும் கீழே.

சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள். குணம் பெரிதா, திறமை பெரிதா?

நம்மை உட்கார வைத்துப் பார்க்க வைப்பது திறமை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தங்கமான மனிதர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் பந்து வீசுவதைப் பார்க்க யாரும் வரிசையில் நிற்பதில்லை. ஆகவே "எனக்குத் திறமையெல்லாம் இரண்டாம்பட்சம், குணம்தான் முதல்" என்று சொல்லும் ரசிகர் பாதி உண்மைதான் சொல்கிறார். திறமைசாலிகளுக்குள் நல்லவராக ஒருவர் கிடைத்தால் அவரைக் கொண்டாட ஆசை, அவ்வளவுதான். நியாயமான ஆசை.

ஆட்டத்தை ரசிப்பது ஒன்று, ஆடியவரை மதிப்பது ஒன்று, அவரை நம்பி அவருக்காக ஊரோடு சண்டை போடுவது இன்னொன்று. இந்த மூன்றையும் நாம் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். ரசிக்கத் திறமை போதும். மதிக்க, அவர் செய்ததாக நமக்கு உறுதியாகத் தெரிந்த காரியங்கள் வேண்டும். மூன்றாவது வேலையை ரசிகன் எடுத்துக்கொள்ளாமல் இருப்பதே உத்தமம் என்பது என் கட்சி. காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

ஒருவர் நல்லவரா இல்லையா என்பது பார்த்தாலே தெரிந்துவிடாதா?

தெரியாது. நான் அனுபவப்பட்டவன். 2004-ல் சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் புற்றுநோய் அறக்கட்டளைக்காக மஞ்சள் ரப்பர் கைப்பட்டை விற்றார்கள். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கைகளில் அது ஏறியது, என் கையிலும். எனக்குச் சைக்கிள் பந்தயத்தில் அரிச்சுவடிகூடத் தெரியாது. 1996-ல் புற்றுநோய் என்று கண்டறியப்பட்ட ஒரு மனிதர், எழுந்து வந்து 1999 முதல் 2005 வரை டூர் டி பிரான்ஸை ஏழு முறை ஜெயித்தார் என்ற கதைக்காக, அதாவது அவருடைய குணத்துக்காக, அதை மாட்டிக்கொண்டேன். 2012-ல் ஏழு பட்டங்களையும் பறித்தார்கள். 2013 ஜனவரியில் தொலைக்காட்சியில் அவரே ஊக்கமருந்தை ஒப்புக்கொண்டார்.

மருந்தைவிட எனக்கு அதிகம் உறுத்தியது வேறு. அவருடைய அணியில் மசாஜ் வேலை பார்த்த எம்மா ஓ'ரைலி என்ற பெண், வெகு முன்பே உண்மையைச் சொல்லியிருந்தார். ஆர்ம்ஸ்ட்ராங் அவரைக் கேவலமாகப் பேசி, வழக்குப் போட்டு அலைக்கழித்தார். அப்போது மஞ்சள் பட்டைக்காரர்கள் எல்லாம் யார் பக்கம் இருந்தோம் என்று சொல்லத் தேவையில்லை. நாங்கள் வெற்றி வெறி பிடித்த கூட்டம் இல்லை, பாருங்கள். குணத்தைப் பெரிதாக நினைத்த கூட்டம். அந்த நினைப்புதான் எங்கள் கண்ணைக் கட்டியது.

ஹான்சி குரோனியே கதையும் இதே மாதிரி. தென்னாப்பிரிக்க கிரிக்கெட் கேப்டன், பக்திமான், நேர்மைக்கு எடுத்துக்காட்டு என்று பெயர் வாங்கியவர். 2000 ஏப்ரலில் டெல்லி போலீஸ் அவருடைய தொலைபேசிப் பேச்சை வெளியிட்டபோது, உலகத்தில் பாதிப் பேர் போலீஸைத்தான் சந்தேகப்பட்டார்கள். சில நாளில் அவரே சூதாட்டத் தரகர்களிடம் பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டார். அணியின் இளைய வீரர்கள் இருவரையும் அதில் இழுத்துவிட்டிருந்தார்.

கவர் டிரைவ் கண்ணெதிரே நடக்கிறது. குணம் என்று நாம் நினைப்பது பேட்டி, விளம்பரம், சிரிப்பு, வர்ணனையாளர் சொன்ன இரண்டு கதை. திறமையை நாம் பார்க்கிறோம், குணத்தைக் கேள்விப்படுகிறோம்.

அப்படியென்றால் குணம் என்பதே வெறும் விளம்பரமா?

அதுவும் இல்லை. ஆனால் மனிதர் ஒரே துணியில் நெய்யப்பட்டவர் இல்லை. பாவ்லோ டி கானியோவை எடுத்துக்கொள்ளுங்கள், இத்தாலியக் கால்பந்து வீரர். 1998-ல் ரெட் கார்டு காட்டிய நடுவரைப் பிடித்துத் தள்ளிவிட்டார். பதினொரு ஆட்டங்களுக்குத் தடை. "இவனெல்லாம் ஒரு ஆளா?" என்றார்கள். 2000 டிசம்பரில் எவர்ட்டன் அணிக்கு எதிரான ஆட்டம். கோல்கீப்பர் அடிபட்டுத் தரையில் கிடக்கிறார், கோல் காலியாகக் கிடக்கிறது, பந்து டி கானியோவைத் தேடி வருகிறது. கோல் அடிக்காமல், பந்தைக் கையால் பிடித்து ஆட்டத்தை நிறுத்தினார். எதிரணி ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள், நன்னடத்தைக்கான ஃபிஃபா விருதும் வந்தது. "மனுஷன்னா இவன்!" 2005-ல் லாட்சியோ அணிக்கு ஆடும்போது அதே ஆள் கையை நீட்டி பாசிச வணக்கம் வைத்தார், அபராதமும் தடையும் வந்தன.

இதில் எது அவருடைய 'உண்மையான' குணம்? மூன்றுமே அவர் செய்ததுதான். முதலாவதைக் கண்டிக்கலாம், இரண்டாவதற்குக் கைதட்டலாம், மூன்றாவதை அருவருக்கலாம். மூன்றையும் கூட்டி, கழித்து, கடைசியில் ஒரு மதிப்பெண் போட வேண்டும் என்று நம்மிடம் யாரும் கேட்கவில்லை. மதிப்பெண் போட ஆரம்பித்தால்தான் வம்பு: நல்லவர் என்று ஒருமுறை முத்திரை குத்திவிட்டால், அடுத்து அவர் செய்வதையெல்லாம் அந்த முத்திரைக்குப் பொருத்தமாக வளைத்துப் பார்க்கத் தொடங்கிவிடுவோம்.

ஏமாற்றி ஜெயித்தவரை "ஆள் சரியில்லை, ஆனால் பெரிய திறமைசாலி" என்று சொல்லலாமா?

இந்த இடத்தில் மட்டும் நான் கறார். ஏமாற்று விஷயத்தில் குணம் வேறு, திறமை வேறு என்று பிரிக்க முடியாது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் பென் ஜான்சன் 100 மீட்டரை 9.79 வினாடியில் ஓடினார். மூன்றாம் நாள் பதக்கம் பறிபோனது, ஸ்டனோசோலால் என்ற ஊக்கமருந்து அகப்பட்டதால். அந்த 9.79-ல் அவர் எவ்வளவு, மருந்து எவ்வளவு? யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, அவராலும்கூட. அதனால் "பெரிய திறமைசாலி" என்று சொல்வதற்கே ஆதாரம் இல்லாமல் போய்விடுகிறது. மேட்ச் ஃபிக்ஸிங் இன்னும் மோசம். அங்கே நாம் பார்த்தது ஆட்டமே இல்லை, நாடகம்.

ஆட்டத்துக்குள் நேர்மை என்பது திறமைக்கு மேல் தூவும் அலங்காரம் இல்லை. அது இருந்தால்தான் ஸ்கோர்போர்டில் இருக்கும் எண்ணுக்கு அர்த்தம்.

மரடோனா கையால் அடித்த கோலை இன்னும் கொண்டாடுகிறார்களே?

1986 ஜூன் 22, மெக்சிகோ சிட்டி, இங்கிலாந்துக்கு எதிரான உலகக் கோப்பைக் காலிறுதி. 51-வது நிமிடத்தில் கையால் தட்டி ஒரு கோல். நான்கே நிமிடம் கழித்து, தன் பாதி மைதானத்திலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு இங்கிலாந்து வீரர்களை ஒருவர் பின் ஒருவராகக் கடந்து இன்னொரு கோல். ஆட்டம் 2-1. ஏமாற்றும் அற்புதமும் ஒரே காலணியில், நான்கு நிமிட இடைவெளியில்.

எனக்கு இந்த ஆட்டம் பிடிப்பதே அதனால்தான். குணமா திறமையா என்று விவாதிக்கிற எல்லாரையும் இது சங்கடப்படுத்துகிறது. இரண்டாவது கோலைப் பார்க்கும்போது முதல் கோலை மறக்க வேண்டியதில்லை. முதல் கோலுக்காக இரண்டாவதைப் பார்க்காமல் கண்ணை மூட வேண்டியதுமில்லை. அர்ஜென்டினா ரசிகர் அந்தக் கையைக் கொண்டாடுவது எனக்குப் புரிகிறது. நான்கு வருடத்துக்கு முன்புதான் அர்ஜென்டினாவுக்கும் பிரிட்டனுக்கும் ஃபாக்லாந்து போர் நடந்திருந்தது. புரிவது வேறு, சரி என்பது வேறு. கையால் அடித்தது ஃபவுல்தான்.

நேர்மையாக ஆடினால் தோற்றுப்போவோமே? அணிக்குச் செய்யும் துரோகம் இல்லையா அது?

சில சமயம் தோற்றுத்தான் போவீர்கள். "நேர்மைக்கு என்றும் வெற்றி" என்று எழுதுபவர்கள் ஸ்கோர் கார்டைப் பார்ப்பதில்லை.

1980-ல் மும்பையில் இங்கிலாந்துக்கு எதிராக இந்தியா ஒரு டெஸ்ட் ஆடியது. இங்கிலாந்து 58 ரன்னுக்கு ஐந்து விக்கெட். பாப் டெய்லருக்கு அம்பயர் அவுட் கொடுத்துவிட்டார். பந்து மட்டையில் படவில்லை என்று கேப்டன் குண்டப்பா விஸ்வநாத்துக்குத் தோன்றியது. அம்பயரிடம் சொல்லி டெய்லரைத் திரும்பக் கூப்பிட்டார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் எடுத்தார்கள். இந்தியா பத்து விக்கெட்டில் தோற்றது.

1987 உலகக் கோப்பை, லாகூர். பாகிஸ்தானுக்குக் கடைசி விக்கெட். கடைசி ஓவரில் ஓடிவந்த மேற்கிந்தியத் தீவுகளின் கோர்ட்னி வால்ஷ், பந்து போடுமுன்பே கிரீஸை விட்டு வெளியே போய்விட்ட சலீம் ஜாஃபரைப் பார்த்தார். ஸ்டம்பைத் தட்டியிருந்தால் ஆட்டம் முடிந்தது. தட்டவில்லை, எச்சரித்துவிட்டுத் திரும்ப நடந்தார். பாகிஸ்தான் ஜெயித்தது. முதல் இரண்டு உலகக் கோப்பைகளை வென்ற மேற்கிந்தியத் தீவுகள், முதன்முறையாக அரையிறுதியைத் தொடாமல் வெளியேறியது.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 2003 உலகக் கோப்பை அரையிறுதியில் அம்பயர் அவுட் தராதபோதும் ஆடம் கில்கிறிஸ்ட் தானாக நடந்து வெளியேறினார். ஆஸ்திரேலியா ஜெயித்தது, கோப்பையையும் வென்றது. 1964 குளிர்கால ஒலிம்பிக்கில் இத்தாலியின் யூஜீனியோ மோன்டி, பனிச்சறுக்கு வண்டிப் பந்தயத்தில் போட்டியாளர்களான பிரிட்டிஷ் ஜோடியின் போல்ட் உடைந்தபோது தன் வண்டியிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். தங்கம் அவர்களுக்குப் போனது, மோன்டிக்கு வெண்கலம். நான்கு வருடம் கழித்து 1968-ல் அவர் இரண்டு தங்கம் வாங்கினார். இதையெல்லாம் தர்மத்தின் கணக்கு என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் விஸ்வநாத்துக்கு அந்தக் கணக்கு வரவில்லையே.

இன்னொன்று. 2012 டிசம்பரில் ஸ்பெயினில் ஓர் ஓட்டப் பந்தயம். முன்னால் ஓடிய கென்யாவின் ஏபெல் முட்டாய், எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டதாகத் தவறாக நினைத்துச் சில மீட்டர் முன்பே நின்றுவிட்டார். பின்னால் வந்த இவான் ஃபெர்னாண்டஸ் அனாயா முந்தாமல், சைகை காட்டி அவரை முன்னே போக வைத்தார். உலகமே பாராட்டியது. அவருடைய பயிற்சியாளருக்கோ அது பிடிக்கவில்லை. தானாக இருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். அவரைத் திட்டாதீர்கள். வெற்றிக்கு ஆள் தயாரிப்பது அவர் வேலை. ரசிகனுக்கு அந்த வேலை இல்லை. அதனால்தான் அனாயாவைப் பாராட்டும் சுதந்திரம் நமக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது.

விதிப்படி ஆடியவரையே 'பண்பில்லாதவர்' என்கிறார்களே?

2019 ஐபிஎல்லில் அஸ்வின், பந்து போடுமுன் கிரீஸை விட்டு நகர்ந்த ஜோஸ் பட்லரை ரன் அவுட் செய்தார். விதியில் அப்போதும் அது அவுட். ஆனாலும் 'கிரிக்கெட்டின் ஆன்மா' கெட்டுவிட்டது என்று ஒரே கூச்சல். 1947-ல் வினூ மன்கட் இதையே ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனுக்குச் செய்தபோதும் பத்திரிகைகள் கொதித்தன. எதிரணி கேப்டனாக இருந்த பிராட்மேன்தான் மன்கட் பக்கம் நின்றார். அப்படியும் அந்த அவுட்டுக்கே மன்கட்டின் பெயரை வைத்து, எழுபத்தைந்து வருடம் அதை வசைச்சொல்லாகப் பயன்படுத்தினார்கள். 2022-ல் கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்சிசி இதை 'நியாயமற்ற ஆட்டம்' என்ற பிரிவிலிருந்து எடுத்து, சாதாரண ரன் அவுட் பிரிவில் சேர்த்தது.

வால்ஷைப் பாராட்டிவிட்டு அஸ்வினை ஆதரிப்பது முரண் இல்லையா என்று கேட்பீர்கள். இல்லை என்றுதான் நினைக்கிறேன். வால்ஷ் செய்தது பெருந்தன்மை. பெருந்தன்மையைப் பாராட்டலாம், கடன் மாதிரி வசூலிக்க முடியாது. இரண்டடி முன்னால் ஓடித் திருட்டு ஆதாயம் தேடியவரை விட்டுவிட்டு, பிடித்தவரைக் குற்றவாளியாக்கும் 'பண்பு' எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. 'குணம்' என்ற பெயரில் நாம் கேட்பது பல நேரம் பழக்கத்தைத்தான். அதுவும் யாரோ ஒரு கூட்டம் வெகுகாலம் முன்பு தனக்கு வசதியாக வைத்துக்கொண்ட பழக்கத்தை.

எதிரணி செய்தால் பற்றிக்கொண்டு வருகிறது. என் அணி செய்தால் மட்டும் காரணம் தேடுகிறேன். எனக்கு என்ன கோளாறு?

கோளாறு இல்லை, ரசிகராக இருக்கிறீர்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

1951-ல் பிரின்ஸ்டன், டார்ட்மத் என்ற இரண்டு அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையே முரட்டுத்தனமான அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம் ஒன்று நடந்தது. ஒருவருக்கு மூக்கு உடைந்தது, இன்னொருவருக்குக் கால். ஹாஸ்டார்ஃப், கேன்ட்ரில் என்ற இரு உளவியலாளர்கள் அந்த ஆட்டத்தின் படத்தை இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, தவறுகளை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்ததாக டார்ட்மத் மாணவர்கள் எண்ணியதைப் போல இரு மடங்குக்கும் மேல் பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணினார்கள். ஒரே படம். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது.

1976-ல் ராபர்ட் சியால்டினி குழு செய்த ஆய்வு இன்னும் வேடிக்கை. தங்கள் அணி ஜெயித்த வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை, கல்லூரிப் பெயர் போட்ட உடையை மாணவர்கள் அதிகம் அணிந்து வந்தார்கள். பேச்சிலும் ஜெயித்தால் "நாம" என்றார்கள், தோற்றால் அந்த "நாம" சுருங்கிப்போனது. "ஜெயிச்சுட்டோம்", "தோத்துட்டானுங்க" என்று நாம் பேசுவதுதான் இது. விக்கெட் விழும்போது நாற்காலியை விட்டு நகராதவர்கள்கூட "நாம" என்போம்.

ஆக, வீரரின் குணத்தை எடைபோட உட்காருமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள். அதே செயலை உங்களுக்குப் பிடிக்காத அணியின் ஆள் செய்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? நான் செய்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் தோற்கிறேன்.

களத்துக்கு வெளியே அவர் என்ன செய்தால் நமக்கென்ன?

யாருக்கு அடிபட்டது என்று கேளுங்கள், பாதி விடை அங்கே கிடைக்கும். விவாகரத்து, காதல், ஆடம்பரம், கோயிலுக்குப் போகிறாரா இல்லையா — நம் வேலை இல்லை. 2009-ல் டைகர் உட்ஸின் திருமண வாழ்க்கை உடைந்தபோது, கால்ஃப் பார்த்தே இராதவர்களும் நீதிபதி ஆனார்கள். ஏமாற்றப்பட்டது அவர் மனைவி. மன்னிப்பதோ மறுப்பதோ அவருடைய பாடு.

வன்முறை, பாலியல் குற்றம், பிறரை மிரட்டுவது ஆகியவை வேறு கணக்கு. அங்கே வீரர் குடிமகனாக நிற்கிறார், சட்டம் அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ரசிகர் செய்ய வேண்டியது சின்ன விஷயம்தான்: புகார் கொடுத்தவர் மேல் பாயாமல் இருப்பது. அந்தச் சின்ன விஷயத்தைத்தான் நாம் செய்வதில்லை.

வெற்றியை மட்டுமே பார்க்கும்போது என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் சாட்சி. 2012 லண்டனில் அந்த நாட்டுப் பெண்கள் அணி தங்கம் வென்றபோது அணியின் மருத்துவர் லாரி நாசர். பல வருடங்களாகச் சிறுமிகளிடம் பாலியல் வன்கொடுமை செய்துவந்தவர். புகார்கள் எழுந்தும் பெரியவர்கள் காதில் வாங்கவில்லை. 2018 ஜனவரியில் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் வரிசையாக எழுந்து பேசினார்கள். 40 முதல் 175 ஆண்டு சிறை. பதக்கம் வந்துகொண்டிருந்த வரைக்கும் வெளியிலிருந்து யாரும் கேள்வி கேட்கவில்லை. இதில் கெட்டுப்போயிருந்தது வீராங்கனைகளின் குணம் இல்லை, அவர்களைச் சுற்றியிருந்தவர்களின் குணம். நாம் எப்போதும் டார்ச் அடிப்பது ஆடுபவரின் முகத்தில் மட்டும். அதிகாரிகள், பயிற்சியாளர்கள், சங்கங்கள் இருட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

திமிர் பிடித்தவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அது குணக்கேடுதானே?

அதற்குப் பெயர் பாவனை. பணிவாகப் பேசிக்கொண்டே மேட்ச் ஃபிக்ஸிங் செய்தவர்களும் உண்டு.

முகமது அலியைப் பாருங்கள். "நானே பெரியவன்" என்று மேடைக்கு மேடை முழங்கினார். 1967-ல் வியட்நாம் போருக்குப் போக மறுத்தார். பட்டத்தைப் பறித்தார்கள், மூன்றரை வருடம் குத்துச்சண்டை மேடை ஏற முடியவில்லை. அன்று ஏராளமான அமெரிக்கர்களுக்கு அவர் தேசத்துரோகி, குணங்கெட்டவர். 1971-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையோடு அவர் தீபம் ஏற்றியபோது அதே நாடு கண்ணீர் விட்டது. அவர் மாறவில்லை, 'நல்ல குணம்' என்பதற்கான அளவுகோல் மாறியிருந்தது. அதற்காக அவரைத் தெய்வமாக்கவும் வேண்டாம். தடைக்காலத்தில் தனக்காகப் பேசிய ஜோ ஃபிரேசரையே பின்னால் கொரில்லா என்று கேலி செய்தவர்தான் அவர். ஃபிரேசர் அந்தக் காயத்தைப் பல பத்தாண்டுகள் சுமந்தார்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ், காற்றில் சுழலும்போது உடல் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போகிறது என்று சொல்லி விலகியபோது "கோழை, மன உறுதி இல்லாதவள்" என்றார்கள். நாசரால் பாதிக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். 2024 பாரிஸில் மூன்று தங்கம் வாங்கியதும் அதே வாய்கள் "என்ன மன உறுதி!" என்றன. பாரிஸில் அவர் தோற்றிருந்தால் டோக்கியோ முடிவு தவறாகியிருக்குமா? குணத்தைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு நாம் ஸ்கோரைத்தான் படிக்கிறோம்.

தண்டனை முடிந்து திரும்பி வந்தவரை ஏற்றுக்கொள்ளலாமா?

2010-ல் லார்ட்ஸ் மைதானத்தில் சூதாட்டக்காரர்களுக்காக வேண்டுமென்றே நோ-பால் போட்ட பாகிஸ்தானின் முகமது ஆமிருக்கு அப்போது வயது பதினெட்டு. ஐந்து வருடத் தடை, இங்கிலாந்தில் சிறை. 2016-ல் திரும்பினார். அவரை இயக்கியது அவருடைய கேப்டன் என்பதையும் வயதையும் வைத்துப் பார்த்தால், எனக்கு அவர்மேல் கோபம் நிற்கவில்லை. ஏற்கக் கூடாது என்றவர்களின் வாதமும் லேசானதல்ல: அதே வயதில், அதே ஆசை காட்டப்பட்டும் வாங்காத எத்தனையோ பேர் பெயர் தெரியாமலே போயிருப்பார்கள். அவர்களுக்கு யாரும் இரண்டாம் வாய்ப்பைப் பற்றிக் கட்டுரை எழுதுவதில்லை.

2018-ல் கேப்டவுனில் உப்புத்தாள் வைத்துப் பந்தைத் தேய்த்த விவகாரத்தில் ஸ்டீவ் ஸ்மித்துக்கு ஒரு வருடத் தடை. முடித்து வந்து 2019 உலகக் கோப்பையில் எல்லைக்கோட்டருகே நின்றபோது இந்திய ரசிகர்கள் கூச்சலிட்டுக் கேலி செய்தார்கள். பேட்டிங் செய்துகொண்டிருந்த கோலி அவர்களைப் பார்த்து, கைதட்டுங்கள் என்று சைகை காட்டினார். அந்தச் செயலுக்கு ஐசிசி விருதும் கிடைத்தது. களத்தில் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்ளும் ஆட்களே விட்டுக்கொடுக்கும்போது, டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவருக்கு என்ன தனிப்பகை?

பிள்ளைகளுக்கு வீரர்களை முன்மாதிரியாகக் காட்டலாமா?

1993-ல் ஒரு நைக்கி விளம்பரத்தில் கூடைப்பந்து வீரர் சார்லஸ் பார்க்லி, நான் யாருக்கும் முன்மாதிரி இல்லை, பிள்ளைகளைப் பெற்றவர்கள்தான் முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்றார். பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறார் என்று திட்டினார்கள். காலணி விற்கும் விளம்பரத்தில் சொன்னதுதான் கொஞ்சம் நெருடல், சொன்னது சரி. பிள்ளைக்கு ஆளைக் காட்டாமல் செயலைக் காட்டுங்கள். "இவரை மாதிரி ஆகு" என்பதைவிட, "கில்கிறிஸ்ட் அன்று நடந்து போனார், பார்த்தாயா?" என்பது பாதுகாப்பானது. ஆள் நாளைக்குச் சறுக்கினாலும் அந்தச் செயல் அங்கேயே இருக்கும்.

விருதுகளிலாவது குணத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாமா?

அமெரிக்க பேஸ்பால் அப்படித்தான் செய்கிறது. அதன் புகழ்மண்டபத்துக்கு ஓட்டுப் போடுபவர்கள் நேர்மை, ஆட்டப்பண்பு, நடத்தை ஆகியவற்றையும் பார்க்க வேண்டும் என்பது எழுதிவைத்த விதி. ஊக்கமருந்துச் சந்தேகம் படிந்த பேரி பாண்ட்ஸ் 762 ஹோம் ரன் அடித்தவர். பத்து வருடம் ஓட்டெடுப்பில் நின்றும் தேவையான 75 சதவீதம் கிடைக்கவில்லை. 4,256 ஹிட் அடித்த பீட் ரோஸ் சூதாட்டத்துக்காக 1989-ல் நிரந்தரமாகத் தடை செய்யப்பட்டார். 2024-ல் இறந்தபின், 2025-ல்தான் அந்தத் தடைப் பட்டியலிலிருந்து பெயரை நீக்கினார்கள். செத்தவரால் ஆட்டத்துக்கு ஆபத்தில்லை என்ற தர்க்கம். சட்டப்படி சரியாக இருக்கலாம், கேட்கக் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கிறது. எண்ணிக்கைகளை அப்படியே எழுதி, பக்கத்திலேயே நடந்ததையும் எழுதிவைத்தால் போதும் என்பேன். படிப்பவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

எனக்குப் பிடித்த வீரரைப் பற்றி மோசமான உண்மை வெளிவந்துவிட்டது. பழைய ஆட்டங்களை இனிப் பார்க்கலாமா?

பாருங்கள், முடிந்தால். சிலருக்கு முடிவதில்லை. அதுவும் சரிதான், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அவர் படம் போட்ட சட்டையைப் புதிதாக வாங்காமல் இருக்கலாம், பழையதை எரித்துக் காணொளி போட வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: அன்று நாம் ரசித்ததே பொய் என்று சாதிக்காதீர்கள். ஏமாற்றால் வந்த வெற்றியாக இல்லாதவரை, அந்த ஆட்டம் நடந்ததுதான், நீங்கள் எழுந்து நின்றதும் உண்மைதான்.

என் மஞ்சள் பட்டை இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது, பழைய சாவிகளுக்கும் தீர்ந்துபோன பேனாக்களுக்கும் நடுவில். 2013-ல் தூக்கிப் போடத்தான் எடுத்தேன். எம்மா ஓ'ரைலியின் பேட்டியை அன்றுதான் முழுசாகப் படித்திருந்தேன். போடவில்லை. அதை வாங்கிய காலத்தில் அவர் பெயரை எங்கோ படித்து, பொறாமையில் உளறுகிறார் என்று நினைத்தது ஞாபகம் வந்தது.